ஹெட்செட் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு

கண்ணை மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு வகையினர். பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளையின் பெற்றோர் ஒரு வகை. இனி எல்லாம் இதில்தான் என்று யாரோ சொல்லிவிட, நம் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதே என்ற கவலையில் கேட்பவர்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மைத்துனர் ஊருக்குக் கிளம்புமுன் என்ன வாங்கி வர என்று விசாரித்திருக்க, கைப்பேசியைத் தவிர வேறு எதையாவது சொல்ல வேண்டுமே என்று யோசிப்பவர்கள் இன்னொரு வகை. இரு தரப்பாரும் ஒரு சொல்லில் பதிலை எதிர்பார்க்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி வைப்பதற்கென்றால் அது நல்ல கருவி. காலையில் எழுந்தது முதல் இரவு வரை நடக்கும் அன்றாட வாழ்க்கைக்கென்றால் இப்போதைக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்பதே என் பதில். ஒரு சொல்லில் அடங்காத அந்தப் பதிலுக்குக் காரணங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் மதுரைக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் கற்பிப்பவன். எங்கள் துறைக்கு வாங்கிய ஹெட்செட்டுகளையும், அண்ணன் மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுச் சென்ற ஒன்றையும் பயன்படுத்திப் பார்த்த பழக்கத்தில்தான் பேசுகிறேன். வி.ஆர். என்பது கண்ணை முழுவதுமாக மூடி, வேறோர் இடத்தில் இருப்பதாக நம்ப வைப்பது. ஏ.ஆர். என்பது எதிரில் உள்ள உலகம் அப்படியே தெரிய, அதன் மீது எழுத்தையோ படத்தையோ ஏற்றிக் காட்டுவது. இப்போது வரும் ஹெட்செட்டுகள் முன்பக்கக் கேமராக்கள் மூலம் அறையையும் திரையில் காட்டிவிடுவதால், இரண்டுக்கும் இடையிலிருந்த கோடு அழிந்து வருகிறது. ஆனாலும் கேமரா வழியாகப் பார்க்கும் அறைக்கும் கண்ணால் நேரே பார்க்கும் அறைக்கும் உள்ள வேறுபாடு, உள்ளே இருந்துகொண்டு ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடிக்க முயன்றால் உடனே தெரிந்துவிடும்.

இது நேற்று வந்த சரக்கு என்று நினைப்பவர்களுக்காக ஒரு சிறு வரலாறு. 1968ஆம் ஆண்டிலேயே ஐவன் சதர்லேண்ட் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் தலையில் மாட்டும் காட்சிக்கருவி ஒன்றைச் செய்து காட்டினார். தலை தாங்காத எடை என்பதால் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில், விமானத்துக்கான ஒயர்களைக் கட்டும் தொழிலாளர்களுக்கு எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்பதைப் பலகையின் மீதே காட்டுவதற்காக ஏ.ஆர். முயன்று பார்க்கப்பட்டது. 1995இல் நிண்டெண்டோ கொண்டுவந்த வி.ஆர். விளையாட்டுக் கருவி ஓராண்டுக்குள் கடையைக் கட்டியது. பிறகு நீண்ட மௌனம். 2014இல் ஹெட்செட் செய்துவந்த ஓக்குலஸ் என்ற சிறு நிறுவனத்தை ஃபேஸ்புக் ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்கியதும் ஆட்டம் மறுபடி தொடங்கியது. அதே ஆண்டு கூகுள் வெளியிட்ட அட்டைப்பெட்டிக் கண்ணாடியில் கைப்பேசியைச் செருகி அண்ணாந்து பார்த்த அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. 2021இல் ஃபேஸ்புக் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. கூகுள் அதே ஆண்டில் அட்டைப்பெட்டி விற்பனையை நிறுத்திக்கொண்டது.

மெட்டா நிறுவனத்தில் இந்தக் கருவிகளைச் செய்யும் பிரிவு 2024ஆம் ஆண்டில் மட்டும் கண்ட இழப்பு 1,770 கோடி டாலருக்கு மேல். மைக்ரோசாப்ட் தன் ஹோலோலென்ஸ் 2 என்ற ஏ.ஆர். ஹெட்செட்டின் உற்பத்தியை 2024இல் நிறுத்திவிட்டது. ஆப்பிள் 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்த விஷன் ப்ரோ ஹெட்செட், நம் ஊர்க் கணக்கில் மூன்று லட்ச ரூபாயை நெருங்கும் விலை. எதிர்முனையில் மெட்டாவின் குவெஸ்ட் 3எஸ் ஹெட்செட் 299 டாலருக்கு, அதாவது 25,000 ரூபாய் அளவில் வந்தது. விலையைக் குறைத்தும் கூட்டியும் பார்த்தாயிற்று. இத்தனை பணத்தைக் கொட்டியும் மக்கள் இதைக் கைப்பேசியைப் போல் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பது விலையைப் பொறுத்த கேள்வியாக மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

முதல் காரணம் வீடு. நின்று ஆடும் நிரல்களுக்கு ஏறத்தாழ ஆறரை அடிக்கு ஆறரை அடி காலி இடம் வேண்டும் என்று கருவியே கேட்கிறது. எங்கள் தெருவில் உள்ள வீடுகளில் முன்னறையில் அந்த அளவு இடம் வேண்டுமானால் கட்டிலைச் சுவரோடு நிறுத்தி, டீப்பாயை வெளியே தள்ளி, பீரோவின் கதவை யாரும் திறக்கக் கூடாது என்று உத்தரவும் போட வேண்டும். தரையில் கோடு கிழித்துக்கொடுத்தால் அந்த எல்லையைத் தாண்டும்போது ஹெட்செட் எச்சரித்துவிடும். தரையைப் பொறுத்தவரை ஏற்பாடு சரிதான். தலைக்கு மேலே சுழலும் மின்விசிறியைப் பற்றி அதற்கு எந்தக் கவலையும் இல்லை. பந்தை அடிக்கக் கையை ஓங்கும் உயரமான பையன் ஒருவன் விசிறியின் இறக்கையைத் தொட்டுவிட்டு வந்த காட்சியைப் பார்த்த பிறகு, எங்கள் வீட்டில் ஹெட்செட் போட்டால் விசிறியை நிறுத்த வேண்டும் என்பது சட்டமாயிற்று. சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரையில் விசிறியை நிறுத்திவிட்டு முகத்தில் பஞ்சுப்பட்டை அழுந்தும் கருவியை மாட்டிக்கொண்டு குதிப்பது பொழுதுபோக்கா தண்டனையா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

இரண்டாவது, உடம்பு. குவெஸ்ட் 3 ஹெட்செட்டின் எடை 515 கிராம். முதலில் வந்த விஷன் ப்ரோ 600 முதல் 650 கிராம், அதுவும் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டிய பேட்டரியைச் சேர்க்காமல். அரைக் கிலோ என்பது கையில் தூக்கினால் ஒன்றுமில்லை. மூக்கின் மீதும் கன்ன எலும்பின் மீதும் அது உட்கார்ந்திருக்கும்போது அரை மணி நேரத்தில் கை தானாக வாரைத் தளர்த்தப் போகிறது. அதற்குள் நெற்றி வியர்வை பஞ்சில் ஊறி, லென்ஸில் ஆவி படிந்துவிடும். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கும் வழக்கமுள்ள வீட்டில் வார் பிசுபிசுத்துப் போவதும், நெற்றியில் பூசிய திருநீறு அடுத்தவர் நெற்றிக்கு இடம் மாறுவதும் மிகச் சாதாரணம். பெண்களின் பாடு இன்னும் கொஞ்சம் கடினம்: பின்னந்தலையில் வார் வந்து உட்கார வேண்டிய இடத்தில்தான் கொண்டை இருக்கிறது, கொண்டையைச் சுற்றி மல்லிகைச் சரம் இருக்கிறது. என் மனைவி வாரை மேலே ஏற்றினால் ஹெட்செட் மூக்கில் சரிந்தது. கீழே இறக்கினால் பூ நசுங்கியது. பூவை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் தனக்கில்லை என்று கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெரிய நிறுவனங்களின் வடிவமைப்பாளர்கள் எத்தனையோ தலைகளை அளந்திருப்பார்கள். மதுரைத் தலை ஒன்றை அளந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது காரணம் கண்ணும் காதும். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் ஒரு பொருளைப் பார்க்கும்போது இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. இரு கண்களும் அந்தப் பொருளை நோக்கி உட்பக்கமாகத் திரும்புகின்றன. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் அந்தத் தொலைவுக்கு ஏற்பத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. பிறந்ததிலிருந்து இரண்டும் சேர்ந்தே பழகியவை. ஹெட்செட்டில் காட்சியின் குவியத் தொலைவு பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு மீட்டருக்குள் ஓரிடத்தில் நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது. மெய்நிகர்ப் பொருள் ஒன்று முகத்துக்கு அருகில் வரும்போது கண்கள் உள்நோக்கித் திரும்பியாக வேண்டும், லென்ஸோ தூரத்திலேயே நிலைகுத்தி நிற்க வேண்டும். இந்த இழுபறிதான் கண் வலியாகவும் நெற்றிப்பொட்டு வலியாகவும் தெரிகிறது. குமட்டலுக்குக் காரணம் வேறு. காட்சியில் நாம் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று கண் சொல்ல, உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு அசையாமல் நிற்கிறோம் என்று சொல்ல, மூளை இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் வயிற்றைப் புரட்டிவிடுகிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்தில் வாந்தி எடுப்பவர்களுக்கு இது எளிதில் வரும் என்பது என் கவனிப்பு. ஹோலோலென்ஸை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்க ராணுவத்துக்குச் செய்த கருவியைச் சோதித்த சிப்பாய்களுக்கே தலைவலியும் கண் அயர்ச்சியும் குமட்டலும் வந்ததாக 2022இல் செய்தி வெளியானது.

ஹெட்செட்டுக்குள் பெரிய திரையை விரித்துக்கொண்டு அலுவலக வேலையைப் பார்க்கலாம் என்ற விளம்பரத்தை நம்பி நானும் வினாத்தாள் ஒன்றைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். நல்ல பார்வையுள்ள மனிதக் கண் பார்வைக் கோணத்தின் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 60 திரைப்புள்ளிகள் (பிக்சல்) வரை பிரித்தறியக் கூடியது. குவெஸ்ட் 3 தருவது ஒரு டிகிரிக்கு 25 புள்ளிகள் அளவில். ஆங்கில எழுத்துகள் அதில் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. தமிழில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதிலும், ஒரு சுழி கூடுதலா குறைவா என்பதிலும் எழுத்தே மாறிவிடுவதால், ணகரமும் னகரமும் தடுமாறும் அளவுக்குச் சிறிய எழுத்தில் பத்து வரி படிப்பதற்குள் எரிச்சல் வந்துவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கினால் படிக்கலாம். அப்படிப் பெரிதாக்கினால், மேசை மேல் இருக்கும் பழைய மானிட்டரைவிட இதில் என்ன கூடுதலாகக் கண்டோம்? பேட்டரியும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கையை விரித்துவிடும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இதே கருவி எங்கள் பட்டறையில் சோறு போடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலாண்டு மாணவனிடம் வெல்டிங் ஹோல்டரைக் கொடுத்தால் முதலில் நடப்பது, ராடு தகட்டில் ஒட்டிக்கொள்வது. அடுத்தது, பயத்தில் கையைத் தூக்கி, ராடுக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்பொறியான ஆர்க்கை அணைத்துவிடுவது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சீரான இடைவெளியையும் சாய்வையும் வேகத்தையும் கை பழகும்வரை எத்தனை ராடு, எத்தனை தகடு வீணாகும் என்பது பட்டறைப் பொறுப்பில் இருப்பவருக்குத் தெரியும். வெல்டிங் சிமுலேட்டரில் மாணவன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போலி ஹோல்டரைப் பிடித்து வேலை செய்கிறான். ராடின் சாய்வு எத்தனை டிகிரி விலகியது, எந்த இடத்தில் கை வேகம் எடுத்தது, உருகிப் படியும் உலோக வரியான பீடு எங்கே மெலிந்தது என்பதெல்லாம் அவன் கண்முன்னே வந்து நிற்கின்றன. பக்கத்தில் நின்று பார்க்கும் எனக்குக்கூட நிஜ வெல்டிங்கில் இவ்வளவு துல்லியமாகத் தெரியாது, ஏனென்றால் அங்கே என் முகத்திலும் கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. சிமுலேட்டரில் பழகி வந்தவர்கள் நிஜ மேடைக்கு வரும்போது கை நடுக்கம் குறைவாக இருப்பதை நான் பார்க்கிறேன்.

அதற்காகச் சிமுலேட்டரிலேயே வெல்டரை உருவாக்கிவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சூடு இல்லை, புகை இல்லை, தீப்பொறி சட்டைக் கையில் விழுந்து துளை போடுவதில்லை. சிப்பிங் சுத்தியால் ஸ்லாக் என்ற மேல்கசடைத் தட்டி, உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறதா என்று பார்க்கும் அந்த வேலையே இல்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஆர்க்கைப் பார்த்தவனுக்கு இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். 'கண் அடித்துவிட்டது' என்று மறுநாள் வந்து நிற்பான். அந்தப் பயம் உள்ளவன்தான் ஒழுங்காகக் கண்ணாடி போடுவான், சிமுலேட்டர் அந்தப் பயத்தைக் கற்பிக்காது. என் கணிப்பில், வெல்டிங் கண்ணாடியை எப்படி வேலைக்கு இறக்கி, வேலை முடிந்ததும் தூக்கிவிடுகிறோமோ, ஹெட்செட்டுக்கும் அதுவே சரியான வாழ்க்கைமுறை. யாரும் அதை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவதில்லை. தவறினால் திருத்திக்கொள்ள வாய்ப்பே கிடைக்காத வேலைகளுக்கு இத்தகைய பயிற்சி இன்னும் பொருத்தம். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறையில் தீப்பற்றினால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதை நிஜத் தீயை வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது. அப்படி ஒரு பயிற்சி நிரலுக்குச் செலவழித்தால் அதைப் பயன் என்று ஒப்புக்கொள்ள நான் தயார்.

ஒரு கல்லூரியில், ஆய்வுக்குழு வருகிறது என்பதற்காக ஹெட்செட்டுகளை வாங்கி, குழு போனதும் பெட்டியோடு அலமாரியில் பூட்டிவைத்திருப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். பல மாதம் கழித்து எடுத்தால் பேட்டரி செத்திருக்கும். மென்பொருளைப் புதுப்பிக்க வை-ஃபை கேட்கும். முதலில் பதிவு செய்த ஆசிரியர் வேறு ஊருக்குப் போயிருப்பார், கடவுச்சொல்லும் அவரோடு போயிருக்கும்.

மருத்துவத்தில் இதற்கு உள்ள இடம் உறுதியானது. தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும்போது ஏற்படும் வலியைத் திசைதிருப்ப, பனி மூடிய நிலப்பரப்பில் பனிப்பந்து எறியும் காட்சியை ஹெட்செட்டில் காட்டி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹண்டர் ஹாஃப்மனும் அவருடைய குழுவினரும் 1990களிலிருந்தே ஆராய்ந்து வந்தார்கள். மூளையின் கவனம் வேறிடத்தில் இருந்தால் வலி உணர்வு குறைகிறது என்பதே அதன் அடிப்படை. 2021 அக்டோபரில் குழந்தைகளுக்கு ஒரு கண்ணின் பார்வை வளராமல் மங்கியிருக்கும் 'சோம்பல் கண்' குறைபாட்டுக்கும், நவம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கும் ஹெட்செட் வழிச் சிகிச்சைகளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. கண் நீர் அழுத்த நோயில் பக்கப்பார்வை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க, பெரிய கிண்ணம் போன்ற கருவிக்குள் தாடையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டியிருந்த சோதனையை இப்போது ஹெட்செட்டிலேயே செய்ய முடிகிறது. கழுத்தை நீட்டி உட்கார முடியாத முதியவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை. 1976இல் பதினொரு படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில், கண் பரிசோதனைக்கு வரிசையில் நிற்காத குடும்பம் அரிது என்பதால் இந்தப் பயனை விளக்குவது எனக்கு எளிதாக இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இவை எல்லாவற்றிலும் கருவியை மாட்டிவிட ஒருவர் இருக்கிறார், எவ்வளவு நேரம் என்பதைத் தீர்மானிக்க ஒருவர் இருக்கிறார், வேலை முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள்.

வீட்டில் இது உண்மையாகவே பயன்பட்ட தருணம் ஒன்றும் உண்டு. எங்கள் அப்பத்தாவுக்கு முழங்கால் போன பிறகு, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போவது நின்றுவிட்டது. முன்பெல்லாம் நள்ளிரவிலேயே கிளம்பி ஆற்றங்கரையில் இடம்பிடித்தவர். 2022இல் அந்த நெரிசலில் இருவர் உயிரிழந்த பிறகு, நடக்கக் கூடியவர்களையே அனுப்பத் தயங்குகிறோம். அண்ணன் மகன் 360 டிகிரி கேமராவில் வைகைக் கரையிலிருந்து எடுத்து வந்த காட்சியை அவருக்கு நாற்காலியில் உட்கார வைத்துக் காட்டினோம். தொலைக்காட்சி நேரலையில் தங்கக் குதிரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், இதில் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கூட்டத்தையும், தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுபவர்களையும், பாலத்தின் மேல் நின்றவர்களையும் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். கொஞ்ச நேரத்தில், "ஏப்பா, இம்புட்டுக் கூட்டத்துல ஒரு ஆளுகூட என்னையப் பாக்க மாட்டேங்குறாகளே" என்றார். தண்ணீர் மேலே தெறிப்பதுபோல் வந்தும் நனையாதது அவருக்கு அடுத்த குறையாகப் பட்டது. "நீ எங்கப்பா நிக்கிற?" என்று காற்றில் கையைத் துழாவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைப் பார்த்தார். பார்த்ததில் மகிழ்ச்சி இல்லாமல் இல்லை. அடுத்த நாளும் கேட்டார். ஆனால் திருவிழா என்றால் தன்னைப் பார்த்து ஒதுங்கி வழிவிடும், மோதும், "வாங்க ஆத்தா" என்று கைபிடித்து ஏற்றிவிடும் மனிதர்களும் சேர்ந்ததுதான் என்பதை எந்த ஆய்வுக் கட்டுரையும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

நம் அன்றாட வாழ்க்கை அடுத்தவரோடு கலந்து நடப்பது. ஒரே அறையில் ஒருவர் காய் நறுக்குகிறார், ஒருவர் செய்தி பார்க்கிறார், பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிறது, வாசலில் பால்காரர் கூப்பிடுகிறார். இதில் ஒருவர் மட்டும் கண்ணையும் காதையும் மூடிக்கொண்டால், மற்றவர்கள் அவரைச் சுற்றி நடக்கப் பழக வேண்டியிருக்கிறது. தனியாக ஓர் அறையும் தனிமையான மாலையும் உள்ளவருக்கு இந்தக் கருவி பொருந்தலாம். கூட்டுக்குடும்பத்தின் முன்னறையில் அது ஒரு முரண்.

வி.ஆர். இல்லாவிட்டாலும் ஏ.ஆர். கண்ணாடி வென்றுவிடும் என்பவர்கள் உண்டு. எடை குறைந்தால் அதற்கு வாய்ப்பு இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். கூகுள் 2013இல் 1,500 டாலருக்குத் தந்த கண்ணாடியைப் பொது விற்பனையிலிருந்து 2015இல் திரும்பப் பெற்றதற்கு முக்கியக் காரணம் தொழில்நுட்பம் மட்டுமன்று. எதிரில் நிற்பவரை அவருக்குத் தெரியாமல் படம் எடுத்துவிடுமோ என்ற அருவருப்பும்தான். இப்போது கேமராவும் ஒலிபெருக்கியும் வைத்த ரே-பான் மெட்டா கண்ணாடி 2025 மே மாதம் 29,900 ரூபாயில் தொடங்கி இந்தியாவுக்கு வந்திருக்கிறது. படம் எடுக்கும்போது சிறு விளக்கு எரியும் என்கிறார்கள். மீனாட்சியம்மன் கோயிலில் 2018 முதலே கைப்பேசிக்குத் தடை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்கள் அனைத்திலும் தடை விதிக்கச் சொல்லிவிட்டது. பார்வைக் குறைபாட்டுக்காகப் பவர் போட்டு இந்தக் கண்ணாடியை அணிந்து வருபவரைக் கோபுர வாசலில் நிறுத்தினால், கைப்பேசியைப் பெட்டகத்தில் ஒப்படைத்துவிட்டுப் போவதுபோல் கண்ணாடியையும் ஒப்படைத்துவிட்டு அம்மனை மங்கலாகத்தான் தரிசிக்க வேண்டும். இதற்கான நடைமுறையை நிர்வாகங்கள் இப்போதே யோசித்து வைப்பது நல்லது. உடனடி மொழிபெயர்ப்பு வசதியும் அந்தக் கண்ணாடியில் ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானிஷ் ஆகிய மொழிகளோடுதான் தொடங்கியது.

உண்மையில் ஏ.ஆர். நம் அன்றாட வாழ்க்கைக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது, கைப்பேசி வழியாக. இந்தியில் எழுதிய ரயில்வே அறிவிப்பின் முன் கேமராவைக் காட்டினால் தமிழில் வாசிக்கலாம். மூக்குக்கண்ணாடிச் சட்டம் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று கடைக்குப் போகாமலே பார்க்கலாம். தேவைப்படும் அரை நிமிடத்துக்குக் கையை உயர்த்தி, முடிந்ததும் பையில் போட்டுவிடுகிறோம். அதற்கு யாரும் ஏ.ஆர். என்று பெயர் சொல்லிக் கொண்டாடுவதில்லை.

மதுரையில் இந்தத் தொழில்நுட்பத்துக்கு நான் மனதார ஆசைப்படும் இடம் ஒன்று இருக்கிறது என்றால் அது திருமலை நாயக்கர் மகாலும் அதைச் சுற்றிய தெருக்களும்தான். 1636இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அரண்மனையில் இன்று நிற்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதி பிரித்தெடுக்கப்பட்டது. எஞ்சியதை 19ஆம் நூற்றாண்டில் சென்னை ஆளுநர் நேப்பியர் பழுதுபார்க்க வைத்தார். மகாலிலிருந்து சற்றுத் தள்ளி, விளக்குத்தூண் பக்கத்தில் உள்ள பத்துத்தூண் சந்துக்குள் நுழைந்து பாருங்கள். இரண்டு பக்கமும் துணிக்கடைகள், தலைக்கு மேலே தொங்கும் நைட்டிகள், கடைப்பலகைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் நடுவில் எந்தக் கூரையையும் தாங்காமல் விண்ணை நோக்கி நிற்கும் பிரம்மாண்டமான கல்தூண்கள். ரங்கவிலாசத்தின் எச்சம் என்று சொல்லப்படும் அவற்றின் அடியில் பேரம் பேசுபவர்களில் எத்தனை பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள்? அந்தத் தூண்களின் மீது இல்லாத கூரையையும், தூணுக்கும் மகாலுக்கும் இடையே இல்லாமல் போன கட்டடங்களையும், வரலாற்றாளர்கள் ஊகமென்றும் உறுதியென்றும் பிரித்துக் குறித்துக்கொடுக்க, ஒரு ஏ.ஆர். நிரல் ஏற்றிக் காட்டினால் அதற்காக நான் கட்டணமும் செலுத்துவேன்.

கீழடியும் அப்படித்தான். 2014-15இல் தொடங்கிய அகழாய்வு, 2019ஆம் ஆண்டு மாநிலத் தொல்லியல் துறையின் அறிக்கைக்குப் பிறகு ஊரறிந்த செய்தியாகி, 2023 மார்ச்சில் அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. பானை ஓட்டில் கீறிய எழுத்தையும் மணிகளையும் கண்ணாடிப் பேழையில் பார்க்கிறோம். குழிகளோ, பதிவு முடிந்ததும் பல மூடப்பட்டுவிடுகின்றன. தென்னந்தோப்பின் நடுவே நின்று, இந்த மண்ணுக்குக் கீழே இந்த ஆழத்தில் இந்தச் செங்கல் கட்டுமானம் இருந்தது, இங்கே உறைகிணறு இருந்தது என்று அதே இடத்தில் அதே அளவில் பார்க்க முடிந்தால், படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடநூலின் நான்கு பக்கத்தைவிட அது அதிகம் சொல்லும். இதற்கும் ஹெட்செட் கட்டாயமில்லை. வரிசையில் வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராக மாட்டிக் கழற்றி, பஞ்சைத் துடைத்து, சார்ஜ் போட்டுக்கொண்டிருக்க ஆள் கிடைக்காது. ஆசிரியர் கையில் ஒரு டேப்லெட் போதும்.

இதற்குப் பிறகும் வாங்குவது என்று முடிவெடுத்திருப்பவர்கள் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கருவிழிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கண்ணாடிக் கடையில் அளந்து கேட்டுக்கொள்ளுங்கள். குவெஸ்ட் 3எஸ்ஸில் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைகள்தான் உண்டு, அவற்றிலிருந்து வெகுவாக விலகினால் காட்சி மங்கித் தலை வலிக்கும். பவர் கண்ணாடி போடுபவர்கள் அதற்கென்று தனி லென்ஸ் செய்து பொருத்துவது மேல், இல்லாவிட்டால் இரண்டு கண்ணாடிகளும் உரசிக் கீறிக்கொள்ளும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு வேண்டாம் என்று மெட்டா நிறுவனமே சொல்கிறது. முதன்முறை மாட்டுபவரை, அவர் எவ்வளவு வீரம் பேசினாலும், கைப்பிடியுள்ள நாற்காலியில் உட்கார வையுங்கள். மிக முக்கியமாக, கழற்றிய கருவியை ஜன்னலோரத்திலோ மொட்டைமாடித் திண்ணையிலோ வைக்காதீர்கள். லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடும், மதுரை வெயிலுக்கு அதற்கு வெகு நேரம் பிடிக்காது, அப்படிக் கருகிய புள்ளியை எந்தக் கடையிலும் உத்தரவாதத்தின் பேரில் மாற்றித் தர மாட்டார்கள்.